வெங்காயத் தாள் மெஷினும் ஒரு சைக்கிள் டியூப்பும்: காப்புரிமை எதற்குக் கிடைக்கும்?

கேள்வி: ஐயா, வணக்கம். துறையூர்ப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சின்ன வெங்காயத்துக்குத் தாள் அரிய ஆள் கிடைக்காமல் விவசாயிகள் படும் பாட்டைப் பார்த்து ஒரு மெஷின் செய்தேன். எதிரெதிராகச் சுற்றும் இரண்டு ரோலர் தாளைப் பிடித்து இழுத்துக் கிள்ளிவிடும். முதலில் ஒரு ரோலருக்கு ஸ்பிரிங் கொடுத்துப் பார்த்தேன், பொடி வெங்காயமெல்லாம் நசுங்கியது. பழைய சைக்கிள் டியூப்பை ரோலர் மேல் சுற்றிப் பாருங்களேன் என்று வீட்டில் சொன்னார்கள். சுற்றிவிட்டு, அதில் லேசாகக் காற்றும் அடித்தேன். நசுங்குவது நின்றுவிட்டது. தோல், தூசி பறக்கக் கீழே ஒரு புளோயரும் உண்டு. தெரிந்தவர்கள் இரண்டு பேர் வயலில் ஓட்டிப் பார்த்தோம். இரண்டு மாதம் முன்பு மச்சான் மகன் யூடியூபில் ஒரு நிமிட வீடியோ போட்டுவிட்டான். அடுத்த மாதம் ஒரு விவசாயக் கண்காட்சியில் வைக்கக் கூப்பிடுகிறார்கள். 75,000 ரூபாய் கொடுத்தால் மூன்று மாதத்தில் பேட்டன்ட் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். அதெல்லாம் வேண்டாம், வரைபடத்தை உங்களுக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி, கவரைப் பிரிக்காமல் வைத்திருந்தால் போதும் என்கிறார் இன்னொருவர். நான் என்ன செய்யட்டும்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: வணக்கம். தபால் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். நம் சட்டத்தில் அந்தக் கவருக்குத் தபால் தலையின் மதிப்புகூடக் கிடையாது. இங்கே காப்புரிமை, முதலில் கண்டுபிடித்தேன் என்று நிரூபிப்பவருக்கு அல்ல, முதலில் விண்ணப்பித்தவருக்கு. கவர் பீரோவில் தூங்கும். பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரர் விண்ணப்பம் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

அடுத்தது அந்த வீடியோ. கடிதத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கிய வரி அதுதான். விண்ணப்பிக்கும் நாளில் உலகத்தில் எங்குமே வெளிப்படாததாக இருந்தால்தான் ஒரு கண்டுபிடிப்பு புதியது. வெளிப்படுத்தியது கண்டுபிடித்தவரே என்பது சமாதானம் ஆகாது. வீடியோவில் என்ன தெரிகிறதோ, அது இனிமேல் ஊர்ச்சொத்து. அழித்தாலும் பயனில்லை, பார்த்தவர் பார்த்ததுதான். அமெரிக்காவில் ஓராண்டு சலுகை உண்டு. இங்கே அந்த அளவுக்குக் கிடையாது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் வைத்தது, அறிஞர் சங்கத்தில் கட்டுரையாகப் படித்தது போன்ற சில இடங்களுக்கு மட்டும் 12 மாத விலக்கு. மச்சான் மகனின் சேனல் அந்தப் பட்டியலில் வராது.

ஆனால் கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோது கொஞ்சம் தெம்பு வந்தது. ஒரு நிமிட வீடியோவில் என்ன தெரிந்திருக்கும்? இரண்டு ரோலர் சுற்றும், மேலே வெங்காயம் குதிக்கும், கீழே தாள் விழும். ஒரு ரோலர் கறுப்பாக ரப்பர் சுற்றினாற்போல் இருக்கும். அந்த ரப்பருக்குள் காற்று இருப்பது தெரிகிறதா? வால்வு தெரிகிறதா? பையன் பேசும்போது "காத்தடிச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டானா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் "இல்லை" என்றால் நீங்கள் பிழைத்தீர்கள். வீடியோவின் ஒரு பிரதியைப் பத்திரப்படுத்தி, நீங்கள் போகும் காப்புரிமை முகவரிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள். எங்களைப் போன்ற முகவர்களிடம் மறைப்பது டாக்டரிடம் சர்க்கரையை மறைப்பது மாதிரி.

வயலில் ஓட்டியதைப் பற்றி. காப்புரிமைச் சட்டத்தின் 32-வது பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. நியாயமான சோதனைக்காக மட்டும், அதுவும் நாலு பேர் நடமாடும் இடத்தில் செய்தால்தான் ஆகும் என்ற வகைச் சோதனையாக இருந்தால், விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் நடந்ததை அது பொறுத்துக்கொள்ளும். வெங்காய மெஷினை வயலிலும் களத்திலும்தான் ஓட்டிப் பார்க்க முடியும். டீசல் காசு மட்டும் வாங்கியிருந்தால் பயமில்லை. மூட்டைக்கு இத்தனை என்று வாடகை பேசி ஓட்டியிருந்தால் அது சோதனை அல்ல, தொழில். எந்தத் தேதியில், யார் வயலில், எதைச் சரிபார்க்க ஓட்டினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, அந்த விவசாயிகளிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நடுவிஷயம். உங்கள் கண்டுபிடிப்பு எது?

வெங்காயத் தாள் அரியும் மெஷின் என்பீர்கள். அது இல்லை. எதிரெதிராகச் சுற்றும் ரோலரில் தாளை இழுத்துக் கிள்ளுவது உலகத்துக்குப் பழசு. காப்புரிமை வகைப்பாட்டில் இதற்கென்றே ஒரு அறை இருக்கிறது: ஏ23என் 15/08, வெங்காயத்தின் தலை அரியும், தோல் உரிக்கும் கருவிகள். ஸ்பிரிங் கொடுத்ததும் பழசாகவே இருக்கும். புளோயரைச் சேர்த்தது 3(எஃப்) பிரிவில் அடிபடும். தெரிந்த சாமான்களை ஒரே ஃபிரேமில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் தன் பழைய வேலையையே செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது அந்தப் பிரிவு. உங்கள் புளோயர் ரோலருக்கு எந்த உதவியும் செய்யவில்லை, ஊதுகிறது, அவ்வளவுதான்.

நீங்கள் லேத்காரர் என்பதால் ஒரு வழக்கைச் சொல்கிறேன். மிர்சாப்பூரில் பித்தளை, ஜெர்மன் சில்வர் பாத்திரம் செய்யும் தொழிலில், பாத்திரத்தைக் கடைசல் எந்திரத்தில் பிடித்துக்கொள்ளும் ஓர் ஏற்பாட்டுக்கு 1951-இல் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். வேலை சுலபம், பாதுகாப்பு, மெருகு நன்றாக வருகிறது என்பதெல்லாம் அவர்கள் பக்கம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-இல் தீர்ப்பு வந்தது: இது பட்டறையில் செய்யும் சாதாரண மேம்பாடு, கண்டுபிடிப்பு அல்ல. காப்புரிமை ரத்து. கைத்தேர்ச்சி உள்ள எந்த மிஸ்திரியும் யோசிக்காமலே செய்திருக்கக் கூடியதற்குத் தனியுரிமை கிடையாது என்ற அளவுகோல் அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் தலைக்கு மேல் தொங்குகிறது.

அப்படிப் பார்த்தால் உங்களிடம் மிஞ்சுவது அந்த டியூப்புக்குள் இருக்கும் காற்று. கடிதத்தில் அதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அங்கேதான் உட்கார்ந்துவிட்டேன். ஸ்பிரிங் வைத்தபோது ஏன் நசுங்கியது? தடித்த தாள் ஒன்று உள்ளே போனால் ரோலர் முழுசாகப் பின்னால் தள்ளப்படுகிறது. நீளம் முழுக்க இடைவெளி திறக்கிறது. அரை அடி தள்ளிக் கிடக்கும் பொடி வெங்காயம் அந்த இடைவெளியில் மாட்டுகிறது. காற்றடைத்த டியூப்பில் தடித்த தாள் வந்த இடம் மட்டும் அமுங்குகிறது, மற்ற இடமெல்லாம் ஒட்டியே இருக்கிறது. நான் ஊகிப்பது சரிதானே? சரியென்றால், ஸ்பிரிங்கால் ஆகாத ஒரு வேலையைக் காற்று செய்திருக்கிறது. ஏன் செய்கிறது என்று உங்களால் சொல்ல முடிகிறது. மிஸ்திரிக்குத் தானாகத் தோன்றாதது என்று வாதிட எனக்கு ஒரு பிடி கிடைக்கிறது. ஸ்பிரிங், வெறும் ரப்பர், காற்றடித்த ரப்பர் மூன்றிலும் ஒரே வெங்காயத்தை 10 கிலோ 10 கிலோவாக ஓட்டி, எத்தனை நசுங்கியது என்று எண்ணி எழுதுங்கள். நாளை காப்புரிமை அலுவலக ஆய்வாளருக்குப் பதில் எழுதும்போது அந்தக் கணக்கு உதவுகிற மாதிரி வேறு எதுவும் உதவாது. ஓட்டுவதைப் பட்டறைக்குள் ஓட்டுங்கள், கதவைச் சாத்திக்கொண்டு.

டியூப்பைச் சுற்றச் சொன்னது உங்கள் வீட்டம்மா. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும். இது மரியாதைக்காகச் சொல்வதல்ல. யோசனையில் பங்குள்ளவரை விட்டுவிட்டு விண்ணப்பித்தால் பின்னால் எதிராளிக்கு அது ஓர் ஆயுதம். சேர்த்தால் ஒரு நன்மையும் உண்டு. விண்ணப்பதாரர்கள் தனிநபர்களாக இருந்து, அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் விண்ணப்பத்தைச் சீக்கிரம் பரிசீலிக்கும் விரைவு ஆய்வு கேட்கலாம். (இதைப் படித்துவிட்டு, வேலையில் சம்பந்தமே இல்லாத மனைவி பெயரைச் சேர்க்கக் கிளம்புவோருக்கு: விண்ணப்பதாரர் ஆவதற்கு உரிமை எப்படி வந்தது என்று காட்ட வேண்டும், கவனம்.) பட்டறைப் பெயரில் போடாதீர்கள். தனி உரிமையாளர் பட்டறைக்குச் சட்டத்தில் தனி ஆள் என்ற அந்தஸ்து இல்லை. உங்கள் இருவர் பெயரிலேயே போடுங்கள்.

காப்புரிமை ஆவணத்தில் படமும் விளக்கமும் பல பக்கம் வரும். ஆனால் உங்கள் உரிமை எவ்வளவு என்பது கடைசியில் எண் போட்டு வரும் சில வாக்கியங்களில்தான் இருக்கிறது. உரிமைக்கோரல் என்று எழுதுவோம், பேச்சில் கிளெய்ம். நிலப் பத்திரத்தில் நான்கு எல்லை எழுதுவது போல. "காற்றடைத்த பழைய சைக்கிள் டியூப் சுருளாகச் சுற்றப்பட்ட இரும்பு ரோலர்" என்று எழுதினால் உங்களுக்குக் கிடைப்பது சைக்கிள் டியூப் மட்டும். அடுத்தவர் பைக் டியூப்பைச் சுற்றிக்கொண்டு சிரிப்பார். நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "எதிரெதிர்த் திசையில் சுழலும் ஒரு ஜோடி உருளைகளைக் கொண்டு, அவற்றில் குறைந்தது ஓர் உருளையின் மேற்பரப்பு, தாள் நுழையும் இடத்தில் மட்டும் உள்வாங்கி, மற்ற இடங்களில் எதிர் உருளையோடு தொடுநிலை மாறாதிருக்குமாறு, பாய்மம் அடைக்கப்பட்ட வளையும் உறையால் சூழப்பட்டிருக்கும் கருவி." பாய்மம் என்றால் காற்றும் ஆகலாம், நீரும் ஆகலாம். பிறகு இரண்டாவது கிளெய்மில் அந்தப் பாய்மம் காற்று, மூன்றாவதில் உறை சுருளாகச் சுற்றிய குழாய், நான்காவதில் காற்றழுத்தத்தை மாற்ற வால்வு என்று படிப்படியாகக் குறுக்கிக்கொண்டு வருவோம். மேலே உள்ளது உடைந்தால் கீழே உள்ளது தாங்கும்.

இதைப் படித்த பாடமாகச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்கு ஒரு சல்லடை மெஷினுக்கு எழுதினேன். அவர் கொண்டுவந்த மாதிரியில் இரும்பு ஸ்பிரிங் இருந்தது. நானும் கிளெய்மில் "இரும்பு ஸ்பிரிங்" என்றே எழுதிவிட்டேன். காப்புரிமை கிடைத்தது, லட்டு எல்லாம் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் ஒருவர் அதே மெஷினை ரப்பர் கட்டை வைத்து விற்க ஆரம்பித்தார். வழக்குப் போட்டால் இழுக்கும், ஜெயிப்பது சந்தேகம் என்று என் கட்சிக்காரரிடம் நானே சொல்ல வேண்டியதாயிற்று. "மீள்தன்மை உள்ள தாங்கி" என்று மூன்று சொல் போட்டிருந்தால் போதும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எழுதுவதற்கு முன் தேடிப் பாருங்கள். கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பியர்களின் எஸ்பாசெநெட், நம் அலுவலகத்தின் இன்பாஸ் மூன்றும் இலவசம். மேலே சொன்ன வகை எண்ணைப் போட்டு, மச்சான் மகனை உட்காரவைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படம் பார்க்கச் சொல்லுங்கள். செய்த காரியத்துக்குப் பரிகாரமாக இருக்கும். வெங்காயத்தோடு நிறுத்த வேண்டாம். பழம், இலை, பூ, துணி என்று எந்தத் தொழிலிலாவது காற்றடைத்த உருளை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆய்வாளர் அதையும் வெங்காய ரோலரையும் சேர்த்துக் காட்டி, "இரண்டையும் இணைத்தது பெரிய விஷயமா?" என்று கேட்பார். கேட்கப் போவதை இப்போதே தெரிந்துகொண்டால் அதற்கு ஏற்ப எழுதலாம்.

வழிமுறை எளிது. முழு ஆவணம் தயாராகும் வரை காத்திருக்க வேண்டாம். புரொவிஷனல் எனப்படும் தற்காலிக விவரணத்தை உடனே தாக்கல் செய்யுங்கள். அன்றைய தேதி உங்களுடையது. 12 மாதத்துக்குள் முழு விவரணம் கொடுக்க வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். தற்காலிகம்தானே என்று அரைப்பக்கம் எழுதிப் போடுவோர் உண்டு. அதில் காற்றைப் பற்றி எழுதாமல் விட்டால் காற்றுக்கு அந்தத் தேதி கிடைக்காது. டியூப்பின் கனம், எத்தனை சுற்று, எவ்வளவு காற்று, ரோலர் வேகம், நீங்கள் முயன்று தோற்றது உட்பட எல்லாவற்றையும் கொட்டுங்கள். ஆவணம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும்; தமிழில் ஏற்பதில்லை. அதனால் சொல்ல வேண்டியதை முகவரிடம் தமிழிலேயே விலாவாரியாகச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பது அவர் வேலை. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அலுவலகம் சென்னை கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. நேரில் போகத் தேவையில்லை, ஆன்லைனிலேயே எல்லாம் நடக்கும்.

தனிநபருக்கு ஆன்லைனில் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். 30 பக்கம், 10 கிளெய்ம் வரை அதற்குள் அடக்கம். விண்ணப்பித்தால் தானாக ஆய்வு நடக்காது, தனியாகக் கேட்க வேண்டும்: சாதாரண ஆய்வுக்கு 4,000, விரைவு ஆய்வுக்கு 8,000. கேட்பதற்கு இப்போது 31 மாதம்தான் அவகாசம். 48 மாதம் என்பது 2024 மார்ச் 15-க்கு முந்தைய கதை, பழைய கட்டுரைகளைப் படித்து ஏமாறாதீர்கள். விண்ணப்பம் பொதுவாக 18 மாதம் கழித்துக் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகும். 2,500 கட்டினால் ஒரு மாதத்துக்குள் வெளியிடுவார்கள். பிறகு முதல் ஆய்வறிக்கை வரும். அதில் ஐந்தாறு ஆட்சேபம் இருக்கும். பலர் அதைப் பார்த்ததும் "ரிஜெக்ட் பண்ணிட்டாங்க சார்" என்று அழாத குறையாகப் போன் செய்வார்கள். ஆட்சேபமே இல்லாத அறிக்கையை நான் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்துக்குள் பதில் எழுத வேண்டும், தேவைப்பட்டால் வீடியோவில் விசாரணை நடக்கும். நிராகரித்தால் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

இப்போது அந்த 75,000 ரூபாய்க்காரர். விண்ணப்பம் இதழில் வெளியான நாளிலிருந்து ஆறு மாதம் முடியாமல் யாருக்கும் காப்புரிமை வழங்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்வதற்கான காலம் அது. ஆகவே மூன்று மாதத்தில் அவர் தரக்கூடியது விண்ணப்ப ரசீது மட்டும்தான். அதை ஃபிரேம் போட்டு "பேட்டன்ட்" என்று கையில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவருடைய முகவர் பதிவு எண்ணைக் கேளுங்கள். காப்புரிமை முகவர் என்பவர் அறிவியலிலோ பொறியியலிலோ பட்டம் பெற்று, அலுவலகம் நடத்தும் தேர்வில் தேறிப் பதிவு செய்தவர். பட்டியல் அலுவலகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. எண் சொல்லத் தயங்கினால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். முகவரே இல்லாமல் நீங்களே விண்ணப்பிக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கிளெய்ம் எழுதுவதை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள் என்பேன். நான் அந்தத் தொழிலில் இருப்பதால் சொல்வதாக எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. செலவுக்குச் சிரமம் என்றால் சென்னையில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையத்தையும், குஜராத்தில் உள்ள தேசியப் புத்தாக்க அறக்கட்டளையையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் அவர்கள் பதிலுக்காகத் தாக்கலைத் தள்ளிப்போட வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு, காப்புரிமை வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். கிடைத்தால் தாக்கல் நாளிலிருந்து 20 ஆண்டு. ஆனால் மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். முதலில் ஆண்டுக்கு 800 ரூபாய்தான், கடைசி ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 8,000. மொத்தம் கூட்டினால் 76,800. மெஷின் ஓடவில்லை என்று தெரிந்தால் இடையில் நிறுத்திவிடலாம், குற்றமில்லை. சில பொருள்களுக்கு ரகசியமாக வைத்துக்கொள்வதே நல்லது என்று நானே சொல்வதுண்டு. உங்களுடையது அப்படியல்ல. முதல் மெஷினை விற்ற அன்றே வாங்கியவர் ஸ்பேனரால் திறந்து பார்த்துவிடுவார்; காற்று இறங்கினால் திறந்துதானே ஆக வேண்டும். வருஷத்துக்கு நாலு மெஷின் சொந்த ஊருக்குள் விற்றால் போதும் என்றால் இந்த அலைச்சல் வேண்டாம். பெரிய கம்பெனி எவனாவது பார்த்தால் செய்துவிடுவான் என்ற எண்ணம் இருந்தால் விண்ணப்பியுங்கள். அவர்களோடு ராயல்டி பேச உங்கள் கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலும் சின்ன வெங்காயம் விளைகிறது, ஆனால் இந்தியக் காப்புரிமை கடல் தாண்டாது. அங்கேயும் வேண்டுமென்றால் இங்கே தாக்கல் செய்த 12 மாதத்துக்குள் தனியாகப் போட வேண்டும். அதுவும் இங்கே போட்டு ஆறு வாரமாவது கழித்து, அல்லது அனுமதி வாங்கி.

தாக்கல் ஆனதும் மெஷினில் "காப்புரிமைக்கு விண்ணப்பித்தது" என்று எழுதிக்கொள்ளலாம். "பேட்டன்ட் பெற்றது" என்று ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், வழங்குவதற்கு முன் அப்படிப் போட்டால் அபராதம்.

கடைசியாகக் கண்காட்சி. விவசாயக் கண்காட்சி என்றாலே அரசிதழில் அறிவித்தது என்று நினைத்துவிட வேண்டாம், பெரும்பாலும் அப்படி இருக்காது. ஒரு மாதம் இருக்கிறது. தற்காலிக விவரணம் எழுதப் பத்து நாள் தாராளம். விண்ணப்ப எண் வந்துவிட்டால் மெஷினைக் கொண்டு போங்கள், ஓட்டுங்கள், கேட்பவர்களுக்குத் திறந்தே காட்டுங்கள். வரவில்லையென்றால் ஒரு காரணம் சொல்லி இந்த முறை தவிர்த்துவிடுங்கள். "சும்மா நிறுத்திவையுங்க, ஓட்ட வேண்டாம்" என்று வற்புறுத்தினால், காற்றை இறக்கிவிட்டு, வால்வைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.